பழைய வண்டியும் புதிய சக்கரமும்

ஒரு பொருளைச் சீர்திருத்துவது வேறு, சிங்காரிப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குகிற வழக்கம், பொது வாழ்விலே இருப்பது போலவே மோட்டார் வண்டி விஷயத்திலும் நம்மவரிடையே பரவி வருகிறது. இதற்கு அம்பாஸடர் கார் தகுந்த உதாரணம். அதன் உற்பத்தி 2014-ம் வருஷம் மே மாதத்தில் நின்று போயிற்று. ஆயினும் தகப்பனார் வைத்திருந்த வண்டி என்றும், உறுதியான வண்டி என்றும் அதைப் பேணி ஓட்டுவோர் தேசமெங்கும் இருக்கின்றனர். இவர்களில் சிலர் வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டு, பெரிய அலாய் சக்கரங்களைப் பூட்டும்படியும், உடலைத் தரைக்கு அருகில் இறக்கும்படியும், ஸ்பிரிங்குகளை விறைப்பாக்கும்படியும் கேட்கின்றனர். இவ்வாறு செய்வது தகுமா, தகுமெனில் எந்த முறையில் செய்ய வேண்டும் என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தை இங்கே கூற விரும்புகிறோம்.

இது சிலருடைய பொழுதுபோக்கு. இதற்குப் பத்திரிகையில் இடமேன் என்று கேட்போர் இருக்கலாம். தெருவில் ஓடுகிற வண்டி அதன் சொந்தக்காரருக்கு மட்டும் சம்பந்தப்பட்டதன்று. 2022-ம் வருஷத்தில் இந்தியச் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவையாவும் வண்டியின் கோளாறினால் விளைந்தவை என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலானவற்றுக்கு மிதமிஞ்சிய வேகமே காரணமாகக் காட்டப்படுகிறது. ஆனால் வேகமாகச் செல்லும் வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் எங்கே நடைபெறுகின்றன? நான்கு டயர்களும் தரையைத் தொடுகிற, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவேயான இடத்தில்தான் நடைபெறுகின்றன. அந்த இடத்தில் கை வைப்பவர் பிறருடைய உயிரிலும் கை வைக்கிறார் என்பதை மறக்கலாகாது.

வண்டியின் பூர்வோத்தரம்

எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன் அது ஏன் அவ்விதம் செய்யப்பட்டது என்று அறிந்துகொள்வது அறிவுடைமை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942-ல் பிர்லா குடும்பத்தாரால் குஜராத்திலுள்ள ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பட்டது. 1948-ல் வங்காளத்தில் உத்தரபாராவுக்கு மாறியது. இங்கிலாந்தில் 1956-ல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியே அம்பாஸடருக்கு மூலம். அந்த வண்டி இங்கிலாந்தில் சில வருஷங்களிலேயே மறைந்தது. இங்கேயோ அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. மந்திரிகளும் ஜில்லா கலெக்டர்களும் அதில் சென்றனர். டாக்ஸிக்காரர்கள் அதை வைத்துக் குடும்பம் நடத்தினர். தேர்தல் காலங்களில் ஒலிபெருக்கியைத் தலையில் கட்டிக்கொண்டு, ஏழெட்டுத் தொண்டர்களை ஏற்றிக்கொண்டு, வண்டிப்பாதை கூடச் சரியாக இல்லாத கிராமங்களுக்கெல்லாம் அது போய் வந்ததை நமது வாசகர்களில் பலர் நேரில் அறிவார்கள்.

அப்படிப் போய் வர முடிந்ததற்குக் காரணம் அதன் அடிப்பாகத்தின் அமைப்பு. முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கக் கூடியவை. அவற்றைத் தாங்குவது, வண்டியின் அடியில் நீளவாட்டில் கிடக்கும் எஃகுத் தண்டுகள். சக்கரம் மேலே எழும்பினால் தண்டு முறுகும். முறுக்கு அவிழும்போது சக்கரத்தைத் திரும்பக் கீழே தள்ளும். இதைத்தான் பட்டறைக்காரர்கள் டார்ஷன் பார் என்கிறார்கள். அலெக் இஸிகோனிஸ் என்ற பெயர்பெற்ற நிபுணர் 1948-ல் வெளிவந்த மாரிஸ் மைனர் காரில் கையாண்ட முறை இது. ஆக்ஸ்போர்டு வண்டிகளும் இம்முறையையே பின்பற்றின. பின்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு, அதன் இரு பக்கமும் கமான் பட்டைகள். நமது வில் வண்டியில் பாட்டனார் காலத்திலிருந்தே பழகிய அமைப்புத்தான் இது. சக்கரமோ 15 அங்குலம். அதன்மேல் உயரமான, காற்று நிறைந்த டயர். குழியும் மேடும் மலிந்த பாதைக்கு இவையெல்லாம் சேர்ந்த ஏற்பாடு பொருத்தமாயிருந்தது. ஒவ்வோர் உறுப்பும் மற்ற உறுப்பைக் கணக்கிட்டே வைக்கப்பட்டது. ஆகவே ஒன்றை மட்டும் தனியே பிடுங்கி மாற்றினால் மற்றவை அதற்கு இணங்கி வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஸ்பிரிங்கும் அதன் தோழனும்

வண்டி குலுங்குகிறது, ஆடுகிறது, வளைவில் சாய்கிறது என்று வரும் புகார்களுக்கெல்லாம் ஸ்பிரிங்கின்மேல் பழி போடுவது சாதாரண வழக்கம். உண்மையில் ஸ்பிரிங்கின் வேலை ஒன்று. ஷாக் அப்ஸார்பரின் வேலை மற்றொன்று. பெயரைக் கேட்டால் அதிர்ச்சியைத் தாங்குவது பின்னதுதான் என்று தோன்றும். அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது டயரும் ஸ்பிரிங்குமே. ஆனால் வாங்கிய சக்தியை ஸ்பிரிங் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. உடனே திருப்பிக் கொடுக்கும். இப்படி அது கொடுப்பதும் வாங்குவதுமாக இருந்தால் வண்டி தொட்டில் போல் ஆடிக்கொண்டே போகும். ஷாக் அப்ஸார்பருக்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியாகப் பிதுங்கிச் செல்லும்போது அந்தச் சக்தி உஷ்ணமாக மாறிக் கரைந்துபோகிறது. ஆட்டம் அடங்குகிறது. எண்ணெய் கசிந்து வறண்டுபோன ஷாக் அப்ஸார்பரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கைக் குறை கூறுவது, மாமியார் உடைத்த குடத்துக்கு மருமகளைத் திட்டுவது போலாகும்.

இதைப் பரீட்சிக்க எளிய வழியுண்டு. நின்ற வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அழுத்தி விட்டுவிட வேண்டும். ஒரு முறை எழும்பி அடங்கினால் குறையில்லை. மூன்று நான்கு முறை ஆடினால் அந்த மூலையிலுள்ள ஷாக் அப்ஸார்பர் செத்துவிட்டது என்று கொள்ளலாம். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் இடமும் வலமும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் அடங்கி மறு பக்கம் ஆடுகிற வண்டி, பிரேக் போடும்போது ஒரு புறமாக இழுக்கும்.

அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியவை யார் கண்ணிலும் படாத சிறு உறுப்புகள். கமான் பட்டைகளின் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்கள், அவற்றை உடலோடு இணைக்கும் ஷாக்கிள்கள், முன்சக்கரங்கள் திரும்பும் மூட்டுக்கள், ஸ்டியரிங் கம்பிகளின் முனைகள் ஆகியவை முப்பது நாற்பது வருஷங்களில் தேய்ந்தும் வெடித்தும் போயிருக்கும். கிரீஸ் வைக்க வேண்டிய இடங்களில் வைக்காமல் ஓட்டியிருந்தால் தேய்வு இன்னும் அதிகம். மூட்டில் ஆட்டம் கண்ட வண்டிக்கு எத்தனை விலையுயர்ந்த சக்கரம் பூட்டினாலும் அது நேராக ஓடாது. இந்த உறுப்புகளைப் புதுப்பித்தால் வண்டிக்கு வெளியில் யாதொரு அழகும் கூடாது. பார்த்தவர் எவரும் பாராட்டவும் மாட்டார். இதனாலேயே பலர் இவற்றை விட்டுவிட்டு மேலே தெரியும் காரியங்களுக்குப் பணத்தைச் செலவிடுகின்றனர்.

விறைப்பின் கணக்கு

ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் வண்டி சாயாது, ஆகவே நல்லது என்பது ஒரு கொள்கை. இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் அளவு தெரியாமல் கை வைப்பது அபாயம். ஒரே நீளமுள்ள இரண்டு முறுக்குத் தண்டுகளில் ஒன்றின் கனத்தை, அதாவது விட்டத்தை, நூற்றுக்குப் பத்து மட்டும் கூட்டினால் அதன் விறைப்பு நூற்றுக்குப் பத்து கூடுவதில்லை. விட்டத்தின் நான்காவது மடிப் பெருக்கப்படி நூற்றுக்கு 46 வீதம் கூடிவிடுகிறது. பட்டை ஸ்பிரிங்கிலும் பட்டையின் தடிப்பு சிறிது கூடினால் விறைப்பு அதைவிட அதிக வீதத்தில் கூடும். இக்கணக்கை அறியாமல், சரக்கு வண்டியிலிருந்து கழற்றிய ஒரு கனத்த பட்டையைப் பின்புறத்தில் சேர்த்துக் கட்டுவோர் உண்டு. விளைவு யாது? பின்பக்கம் விறைத்து நிற்கும். மேடு வந்தால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத சக்கரம் திருப்பவும் உதவாது, நிறுத்தவும் உதவாது. மழை நாளில் வளைவில் திரும்பும்போது இந்த உண்மை ஓட்டுபவருக்குத் திடீரென்று புலப்படும்.

வண்டியைத் தாழ்த்தும் விஷயமும் இத்தகையதே. முன்புறத்து முறுக்குத் தண்டின் பொருத்தத்தை நகர்த்தி உயரத்தைக் குறைக்க முடியும். இது முதலில், வயதான வண்டி ஒரு பக்கம் தொய்ந்தால் அதைச் சமப்படுத்துவதற்காக ஏற்பட்ட வசதி. அதை அலங்காரத்துக்குப் பயன்படுத்திப் பாதி உயரத்தை இறக்கிவிட்டால், சக்கரம் மேலெழும்ப இருந்த இடம் பாதியாகிவிடும். ஒவ்வொரு வேகத்தடையிலும் இரும்பு இரும்போடு மோதும். முன்சக்கரங்களின் சாய்வுக் கோணமும் மாறி, டயர் ஓரத்தில் மட்டும் தேயும். கமான் பட்டையைத் தீயில் காய்ச்சி நிமிர்த்துவது இதைவிடப் பெரிய தவறு. எஃகுக்கு ஏற்றிய பதம் தீயில் போய்விடும்; பதம் போன பட்டை ஒரு நாள் பாதையில் முறியும். தொய்ந்த பட்டைக்குச் சரியான வளைவு ஏற்றுவதற்கு, காய்ச்சாமல் அடித்து வளைக்கத் தெரிந்த கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளிகள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களைத் தேடிப் போவதே உசிதம்.

சக்கரமும் டயரும்

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்ஸன் 1845-ல் உரிமை பெற்றார். அது மறக்கப்பட்டுப் போன பின்னர், 1888-ல் பெல்பாஸ்டில் ஜான் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்காக அதைத் திரும்பக் கண்டுபிடித்தார். அன்று முதல் டயரின் முதற்கடமை, வண்டிக்கும் பாதைக்கும் நடுவே காற்று மெத்தையாக இருப்பது. பெரிய ரிம்முக்கு ஆசைப்படுகிறவர்கள் இந்த மெத்தையைத்தான் விலையாகக் கொடுக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். டயரின் பக்கத்தில் 165/80 என்றும் 15 என்றும் பொறித்திருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர், பக்கத்தின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 80, ரிம் 15 அங்குலம் என்று பொருள். பக்கத்தின் உயரம் 132 மில்லிமீட்டர். சக்கரத்தின் முழு உயரம் 645 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 17 அங்குல ரிம்மில் 205/50 டயரைப் பூட்டினால் முழு உயரம் 637 மில்லிமீட்டர், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பக்கத்தின் உயரம் 102 மில்லிமீட்டராகக் குறைகிறது. காற்று மெத்தையில் மூன்று சென்டிமீட்டர் போயிற்று. குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும்.

இதே 17 அங்குல ரிம்மில் 205/65 டயரைப் போட்டால் மெத்தை கிடைக்கும். ஆனால் சக்கரத்தின் உயரம் 698 மில்லிமீட்டராகிவிடும். வேகமானியின் முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அத்துடன், சக்கரம் உயர்ந்த அளவுக்கு பிரேக்கின் பிடி தரையில் குறையும். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குகள். அவற்றுக்கு எண்ணெய் போவதும் ஒரே குழாய்த் தொடர்பில். ஏற்கெனவே மட்டாயுள்ள அந்தப் பிடியிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துவிடுவது நியாயமா என்று சொந்தக்காரர்களே யோசிக்கட்டும்.

அகலமான சக்கரம் வெளியே நீட்டி நின்றால் கம்பீரமாயிருக்கிறது என்கிறார்கள். சக்கரத்தின் நடுக்கோடு வெளியே நகர நகர, சக்கரக் குடத்தின் பேரிங்குகள்மேல் விழும் நெம்பு பலம் கூடுகிறது, ஸ்டியரிங் கனக்கிறது, பாதையின் ஒவ்வோர் அடியும் ஓட்டுபவர் கையில் உதைக்கிறது. நடுவில் தடிமனான வட்டுக்களை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவோருக்கும் இது பொருந்தும். தரமான அலாய் சக்கரம் இலேசானது, அதனால் பயனுமுண்டு. ஆனால் பெயரும் முத்திரையும் இல்லாத மலிவு வார்ப்புச் சக்கரம் குழியில் விழுந்தால் விரிசல் காணும். எஃகுச் சக்கரமோ பெரும்பாலும் வளையும். வளைந்ததைக் கண்ணால் காணலாம். விரிசலைக் காண்பது அரிது.

டயர் விஷயத்தில் தயக்கமின்றி ஆதரிக்க வேண்டிய மாற்றம் ஒன்றுண்டு. பழைய குறுக்கிழை டயர்களுக்குப் பதிலாக ரேடியல் டயர்களைப் போடுவது பிடிப்புக்கும் நீடித்த உழைப்புக்கும் நல்லது. ஆனால் ஒரே அச்சில் ஒன்று அதுவும் மற்றொன்று இதுவுமாகக் கலக்கவே கூடாது. முன்னால் மட்டும் ரேடியல் போட்டு, பின்னால் பழைய ஜாதி டயரை விட்டுவைத்தால், வளைவில் பின்பாகம் வழுக்கிச் சுழலும். மாற்றினால் நான்கையும், கூடவே உபரிச் சக்கரத்தையும் மாற்றுவதே முறை. பழைய ரிம்கள் பலவற்றில் டியூபில்லாத டயரின் விளிம்பை இறுகப் பிடிக்கும் மேடு கிடையாது; அவற்றில் டியூப் இன்றியமையாதது. ஆணித் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டயருக்கு வயதும் உண்டு. பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்கள் 2419 என்றிருந்தால், அது 2019-ம் வருஷத்தின் 24-வது வாரத்தில் செய்யப்பட்டது. கொட்டகையில் நின்றே கழித்த வண்டியின் டயரில் பள்ளங்கள் புதிதுபோல் இருக்கும்; ரப்பரோ உலர்ந்து கட்டையாகியிருக்கும். சட்டப்படி காருக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அந்த அளவுக்கு மேல் பள்ளம் இருப்பதொன்றே டயர் நல்லதென்பதற்கு அத்தாட்சியாகாது.

சட்டம் சொல்வது

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைச் செய்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கும் முரண்பாடு உண்டாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே வருஷத்தில் செய்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த உறுப்பை அதே ஜாதி உறுப்பால் புதுப்பிப்பதற்கு எந்தத் தடையுமில்லை. அளவும் அமைப்பும் மாறுகிற காரியமானால், பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிப்பதும் அவசியம். விபத்துக்குப் பின் தெரிவிப்பதில் பயனில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவுக்குப் பின் 50 வருஷங்களைக் கடந்து, அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாமல் பூர்வ ரூபத்தில் இருக்கும் வண்டிகள் 'வின்டேஜ்' என்ற தனி வகையில் பதிவு பெறலாம். அவற்றின் எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துக்கள் இடம்பெறும். ஆரம்ப காலத்து அம்பாஸடர்கள் பல இந்த வயதை எட்டிவிட்டன. பெரிய டயர் உரசாதிருக்க உடலின் விளிம்பை வெட்டுகிறவர், அந்த மரியாதையையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்.

முறை எது?

அப்படியானால் முன்னேற்றமே வேண்டாமா, செய்த நாளில் இருந்தபடியே வண்டி கிடக்க வேண்டுமா என்று கேட்கலாம். நாம் அவ்விதம் கூறவில்லை. 1956-ல் தோன்றிய அமைப்பு இன்றைய பாதைக்கும் வேகத்துக்கும் முற்றிலும் போதுமென்று யாரும் சாதிக்க முடியாது. நாம் வேண்டுவது வரிசை முறை ஒன்றே.

முதலாவது, பிரேக்குகள். வேகம் 40-லிருந்து 80 ஆனால் அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. வண்டி ஆடாமல் ஓடத் தொடங்கியதும் ஓட்டுபவரின் கால் தானாகவே அழுத்தும். ஆகவே நிறுத்தும் சக்தி முன்னதாகவே சீராக இருக்க வேண்டும். இரண்டாவது, மூட்டுக்கள், புஷ்கள், ஷாக்கிள்கள். மூன்றாவது, நான்கு ஷாக் அப்ஸார்பர்கள். நல்ல தரமுள்ள புதியவை கிடைக்குமானால் அவையே போடலாம். நான்காவது, சரியான அளவும் சுமை தாங்கும் தகுதியுமுள்ள ரேடியல் டயர்கள், முன் சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்த்தல். இவ்வளவும் செய்து சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகு, இன்னும் சாய்வு மிகுதி என்று தோன்றினால், ஐந்தாவதாக ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கலாம். ரிம்மை மாற்றும் ஆசைக்குக் கடைசி இடம். வேலை முடிந்து நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுக்களையும் கமான் பட்டையைப் பிடிக்கும் போல்ட்டுக்களையும் மறுபடி முடுக்கிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மலிவான, எல்லோரும் மறக்கிற காரியம்.

நான்காவது படி முடிவதற்குள் பெரும்பாலோருக்கு ஐந்தாவதும் ஆறாவதும் தேவையில்லை என்று விளங்கிவிடும் என்பது நமது நம்பிக்கை. வண்டி கெட்டுப்போனதாக அவர்கள் எண்ணியது, உண்மையில் பராமரிப்பு கெட்டுப்போனதே. பழையதைப் பழிப்பதற்கு முன் அதற்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்தோமா என்று கேட்டுக்கொள்வது எல்லாத் துறைகளிலும் நல்ல வழக்கம். முதலில் பழுது பார்ப்பது, பிறகு மேம்படுத்துவது, கடைசியில் அழகு செய்வது என்ற வரிசையைத் தலைகீழாக்கினால், அதன் பலனை அனுபவிப்பவர் வண்டிக்காரர் மட்டுமல்லர். சாலையோரத்தில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற குழந்தைக்கு அந்தச் சக்கரத்தின் அழகினால் லாபமொன்றுமில்லை. அது சொன்ன இடத்தில் நிற்பதினால்தான் லாபம். பட்டறைக்குப் போகும் ஒவ்வொருவரும் அந்தக் குழந்தையை நினைவில் வைத்துக்கொண்டு தங்கள் பட்டியலை எழுதுவார்களாக.